ஒரு மணி நேரம் தள்ளிப்போன மீட்டிங்: டேலைட் சேவிங் குழப்பத்தில் காலண்டரைச் சரிசெய்யும் முழுமையான வழிகாட்டி

மார்ச் மாதத்தின் இரண்டாவது ஞாயிறு கழிந்த மறுநாள் என் போன் ஓயாது. மேல்விஷாரம், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றை ஒட்டிய ஷூ கம்பெனிகளுக்குக் கம்ப்யூட்டர் பார்த்துக் கொடுப்பது என் பிழைப்பு. அன்று சாயங்காலம் ஏழே காலுக்கு, வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கும் ஒரு மெர்ச்சண்டைசர் கூப்பிட்டார்.

"ஏழு மணிக்கு மீட்டிங்குன்னு போட்டுக்கினு எல்லாரும் உக்காந்துகினு இருக்கோம்ணா. பையர் சைடுல ஒருத்தரும் வரல. லிங்க் கெட்டுப்போச்சா, இன்னான்னு பாருங்க."

லிங்க் நன்றாகத்தான் இருந்தது. பையர், அதாவது ஷூ வாங்கும் நியூயார்க்காரர், அவருடைய காலை 8:30க்குச் சரியாக வந்து, இருபது நிமிஷம் காத்திருந்து, போய்விட்டிருந்தார். போன வாரம் வரை அவருடைய 8:30 என்பது நமக்கு இரவு 7. ஞாயிற்றுக்கிழமை அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவிட்டார்கள். அதனால் அதே 8:30 நமக்கு மாலை 6 ஆகிவிட்டது. நம்மவர் காலண்டரில் "இரவு 7" என்று கையால் போட்டு வைத்திருந்தார். காலண்டர் சொன்னபடி கேட்டது, அவ்வளவுதான்.

கோடைக்குக் கடிகாரத்தை முன்னே தள்ளி, குளிர்காலத்துக்குப் பழையபடி பின்னே வைக்கும் இதைத்தான் டேலைட் சேவிங் என்கிறார்கள். பத்திரிகைத் தமிழில் பகலொளி சேமிப்பு நேரம். நமக்கு இது பழக்கமில்லாததற்குக் காரணம் உண்டு. வேலூரில் கோடையின் நீண்ட பகலுக்கும் மார்கழிப் பகலுக்கும் ஒன்றரை மணி நேரம்தான் வித்தியாசம். லண்டனில் அந்த வித்தியாசம் கிட்டத்தட்ட ஒன்பது மணி நேரம். அவர்களுக்குக் கடிகாரத்தை நகர்த்துவதில் ஏதோ பிரயோஜனம் இருக்கிறது. நமக்கு எந்த மாதமானாலும் வெயில்தான். இந்தியாவிலும் இரண்டாம் உலகப்போர் சமயத்தில், 1942 முதல் 1945 வரை, கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே வைத்திருந்தார்கள். இப்போது அது இல்லை.

1. முதலில் கையை எடுங்கள்

நான் பார்த்த கேஸ்களில் பாதிக்கு மேல், அசல் தப்பு சின்னது. அதைச் சரிசெய்கிறேன் என்று மீட்டிங்கை மவுசால் பிடித்து இழுத்ததுதான் பெரிய தப்பு. எனவே எதையும் நகர்த்துவதற்கு முன்னால், எவ்வளவு நேரம் தவறி இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். அந்த எண்ணே வியாதியைச் சொல்லிவிடும்.

சரியாக ஒரு மணி நேரம் என்றால் டேலைட் சேவிங். ஐந்தரை மணி நேரம் என்றால் அது வேறு கதை: எங்கோ ஒரு மென்பொருள் உலகப் பொது நேரமான யூ.டி.சி.யையும் நம் நேரத்தையும் குழப்பிக்கொண்டிருக்கிறது. பன்னிரண்டரை, பதிமூன்றரை மணி நேரம் என்றால் கம்ப்யூட்டர் கலிபோர்னியாவில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறது. பண்டிகை விடுமுறை ஒரு நாளுக்குப் பதில் இரண்டு நாளில் படர்ந்திருந்தால் அது முழுநாள் நிகழ்வுக் கோளாறு. அதற்கு எட்டாம் படியில் வருகிறேன்.

அடுத்து, அந்த ஒரு மீட்டிங் மட்டும் தவறா, எல்லாமே தவறா? போனில் சரியாகவும் லேப்டாப்பில் தப்பாகவும் காட்டுகிறதா? பிரவுசரில் திறந்தால் என்ன காட்டுகிறது? எல்லாமே தவறு, ஒரு கருவியில் மட்டும் தவறு என்றால் கோளாறு அந்தக் கருவியில். எல்லாக் கருவியிலும் ஒரே மீட்டிங் மட்டும் தவறு என்றால் கோளாறு அந்த மீட்டிங்குக்குள்ளே.

2. கம்ப்யூட்டர் எந்த ஊரில் இருப்பதாக நினைக்கிறது?

விண்டோஸில் செட்டிங்ஸ் திறந்து, டைம் அண்ட் லாங்குவேஜ், அதற்குள் டேட் அண்ட் டைம் போங்கள். டைம் ஸோன், அதாவது எந்த ஊர் நேரம் என்று சொல்லும் வரியில் "யூ.டி.சி.+05:30 சென்னை, கொல்கத்தா, மும்பை, புது தில்லி" என்று இருக்க வேண்டும். அதே +05:30க்கு இலங்கையின் ஸ்ரீ ஜெயவர்த்தனபுர என்றும் ஒரு வரி இருக்கும். இன்றைக்கு நேரம் ஒன்றுதான், ஆனாலும் நம் வரியையே எடுங்கள். நம் ஸோனில் டேலைட் சேவிங் ஸ்விட்ச் மங்கலாக, அழுத்த முடியாமல் இருக்கும். அது கோளாறு இல்லை. நமக்கு அது தேவையில்லை என்று விண்டோஸுக்கே தெரியும்.

இங்கே ஒரு கதையைச் சொல்லியே ஆக வேண்டும். சத்துவாச்சாரியில் ஒரு கணக்கு ஆபீஸ். தம்பி மகன் கலிபோர்னியாவிலிருந்து கொண்டுவந்து கொடுத்த லேப்டாப். வந்த அன்று அது அமெரிக்க நேரத்தைக் காட்டியதும், யாரோ நேரத்தைத் தானாக அமைக்கும் ஸ்விட்சை அணைத்துவிட்டு, கையால் நம் நேரத்தை அடித்துவிட்டார்கள். கடிகாரம் பார்க்கச் சரியாக இருந்தது. ஸோன் மட்டும் பசிபிக்கிலேயே நின்றுவிட்டது. பல மாதம் யாருக்கும் தெரியவில்லை. சாயங்காலம் 5 மணிக்கு வந்த மெயில் விடிகாலை 3:30க்கு வந்ததாகக் காட்டும். யார் கவனிக்கப் போகிறார்கள்? மார்ச் வந்தது. ஒரு திங்கட்கிழமை லேப்டாப்பைத் திறந்தால் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. கடைக்காரர் "சீமாஸ் பேட்டரி போச்சு" என்று, உள்ளே கடிகாரத்தை ஓட்டும் சின்ன பேட்டரியைக் காட்டி, புது பேட்டரி போட்டுக் காசு வாங்கிவிட்டார். நவம்பரில் கடிகாரம் தானாக ஒரு மணி நேரம் பின்னால் போனது. அப்போதுதான் என்னிடம் வந்தது.

பேட்டரி தீர்ந்தால் கடிகாரம் கன்னாபின்னாவென்று ஓடும். பழைய வருஷத்துக்கே போய் நிற்கும். மிகச் சரியாக ஒரு மணி நேரம், அதுவும் மார்ச்சிலும் நவம்பரிலும் மட்டும் நகர்ந்தால் பேட்டரி மேல் பழி போடாதீர்கள். ஸோனைப் பாருங்கள்.

இந்த மாதிரி மெஷினைச் சரிசெய்யும்போது ஒரு ஆபத்து இருக்கிறது. ஸோனை மாற்றியதும், அதில் கையால் போட்ட சந்திப்புகள் எல்லாம் இடம் மாறும். கோடையில் காலை 10 மணி என்று போட்டிருந்த பல் டாக்டர் அப்பாயின்ட்மென்ட் இரவு 10:30க்குப் போய் உட்காரும், ஏனென்றால் அந்த லேப்டாப் அதைக் கலிபோர்னியாவின் 10 மணியாகத்தான் சேமித்திருக்கிறது. ஆகவே முதலில் வரப்போகும் இரண்டு மூன்று மாதச் சந்திப்புகளை அச்செடுத்தோ போட்டோ எடுத்தோ வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஸோனைச் சென்னை வரிக்கு மாற்றி, நேரத்தைத் தானாக அமைக்கும் ஸ்விட்சைப் போட்டு, ஒருமுறை சிங்க் செய்யுங்கள். அதன் பிறகு, கையால் போட்ட சந்திப்புகளை மட்டும் தாளைப் பார்த்துத் திருத்துங்கள். மற்றவர்கள் அனுப்பிய இன்வைட்டுகளைத் தொடாதீர்கள். அவை தானாகச் சரியாகிவிடும்.

ஆண்ட்ராய்டு போனில் தேதி, நேர செட்டிங்கில் ஸோனைத் தானாக எடுக்கும்படி விட்டாலே போதும். ஐபோனில் கூடுதலாக ஒன்று பாருங்கள்: காலண்டர் செட்டிங்கில் டைம் ஸோன் ஓவர்ரைடு என்று ஒரு ஸ்விட்ச். அது போடப்பட்டிருந்தால் போன் எந்த ஊருக்கு வந்தாலும் காலண்டர் மட்டும் பழைய ஊரிலேயே தங்கிவிடும். லீவுக்கு ஊருக்கு வரும் பிள்ளைகளின் போனில் இதை அடிக்கடி பார்க்கிறேன்.

3. காலண்டருக்கும் தனியாக ஒரு ஊர் உண்டு

கம்ப்யூட்டர் சரியாக இருந்தாலும் கூகுள் காலண்டர் தனக்கென்று ஒரு ஸோன் வைத்திருக்கும். பிரவுசரில் திறந்து, பல்சக்கரத்தை அழுத்தி, செட்டிங்ஸில் டைம் ஸோன் பகுதிக்குப் போங்கள். முதன்மை ஸோன் இந்தியா. அங்கேயே இரண்டாவது ஸோன் காட்டும் வசதி இருக்கிறது. அதில் பையர் ஊரைப் போட்டுவிடுங்கள். வாரப் பார்வையில் இரண்டு மணிக்கோடுகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். மனக்கணக்கு மிச்சம். அவுட்லுக்கில் பைல், ஆப்ஷன்ஸ், காலண்டர் என்று போனால் இதே இரண்டு வரிகள் கிடைக்கும்.

இரண்டாவது ஊரைத் தேர்ந்தெடுக்கும்போதுதான் பலர் சறுக்குகிறார்கள். விண்டோஸ் பட்டியலில் யூ.டி.சி.-05:00 என்று ஒன்றுக்கு மேற்பட்ட வரிகள் இருக்கும். ஈஸ்டர்ன் டைம் ஒன்று. பொகோட்டா, லிமா, கீட்டோ இன்னொன்று. ஜனவரியில் இரண்டும் ஒரே நேரம் காட்டும். மார்ச்சில் நியூயார்க் நகரும், பொகோட்டா நகராது. -07:00இல் மவுண்டன் டைமும் அரிசோனாவும் அப்படித்தான். ஆஸ்திரேலியாவில் சிட்னி, மெல்போர்ன் நகரும், பிரிஸ்பேன் நகராது. லண்டனுக்குப் பதில் வெறும் யூ.டி.சி. வரியை எடுத்தவர்களும் உண்டு. குளிர்காலம் முழுக்க ஒன்றும் தெரியாது, மார்ச் கடைசியில் வெடிக்கும். இன்னொன்று: அந்த வரியில் எழுதியிருக்கும் -05:00 கோடையிலும் மாறாது. அதைப் பார்த்து "இது தப்பு" என்று வேறு வரிக்குத் தாவாதீர்கள். ஊர்ப் பெயரைத்தான் நம்ப வேண்டும், எண்ணை அல்ல.

மெயிலில் எழுதும்போதும் ஊர்ப் பெயரையே எழுதுங்கள். ஐ.எஸ்.டி. என்று போட்டால் இஸ்ரேல்காரர் தன் நேரம் என்பார், அயர்லாந்துக்காரர் தன் கோடை நேரம் என்பார். ஈ.எஸ்.டி. என்பது கண்டிப்பாகப் பார்த்தால் நியூயார்க்கின் குளிர்கால நேரம் மட்டும். ஜூலையில் அதை எழுதினால் ஒரு மணி நேரம் பிசகும். "நியூயார்க் நேரம்" என்று எழுதினால் வம்பே இல்லை.

4. எந்த ஊர்க் கடிகாரம் அசையக்கூடாது?

இதுதான் கேள்வி. மற்றதெல்லாம் இதற்குப் பிறகு. வருஷம் முழுக்கத் திரும்பத் திரும்ப வரும் ஒரு மீட்டிங்குக்கு இரண்டு பக்கமும் ஒரே நேரம் நிலைத்திருக்க முடியாது. யாராவது ஒருவர் நகர்ந்தாக வேண்டும். பையர் காலை 8:30க்குத்தான் வருவார் என்றால் அந்த மீட்டிங் நியூயார்க்கைச் சேர்ந்தது. நாம்தான் ஆறுக்கும் ஏழுக்கும் நடுவே நகர வேண்டும். மாறாக, நம் லைன் ஷிப்ட் முடிவதற்குள் பேசியாக வேண்டும், அவர்கள் அனுசரிப்பார்கள் என்றால் அது வேலூரைச் சேர்ந்தது. பையர் என்றால் முதல் வகைதான், அதில் பேச்சே இல்லை. பேரக்குழந்தையோடு ஞாயிறு வீடியோ கால் என்றால் வீட்டில் பேசி முடிவெடுங்கள்.

முடிவானதும் மீட்டிங்கை அந்த ஊரின் ஸோனில் போட வேண்டும். கூகுள் காலண்டரில் நிகழ்வைத் திருத்தத் திறந்தால் நேரத்துக்குப் பக்கத்தில் டைம் ஸோன் என்று ஒரு இணைப்பு இருக்கும். அதில் நியூயார்க்கைத் தேர்ந்தெடுங்கள். அவுட்லுக்கில் மீட்டிங் ஜன்னலின் மேல்பட்டையில் டைம் ஸோன்ஸ் பொத்தான். ஸோனை மாற்றியதோடு நிற்காமல் நேர எண்ணையும் பாருங்கள்: பழைய "இரவு 7" அப்படியே நின்றால் நியூயார்க்காரரை இரவு ஏழுக்குக் கூப்பிட்டதாகிவிடும். காலை 8:30 என்று நீங்களே அடித்துவிடுங்கள். சேமிக்கும்போது "இதுவும் இனி வருபவையும்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். "எல்லாம்" என்று கொடுத்தால் போன வருஷ மீட்டிங்குகளும் மாறி, யார் எப்போது என்ன பேசினார்கள் என்ற பதிவு குழம்பிப்போகும்.

நடுவில் பத்துப் பதினைந்து தடவை கையால் இழுக்கப்பட்ட பழைய தொடராக இருந்தால் திருத்திக்கொண்டிருக்காதீர்கள். இந்த வாரத்தோடு அதை முடித்துவிட்டு, புதிதாக ஒன்று போடுங்கள். இழுத்த ஒவ்வொன்றும் விதிவிலக்காகத் தனியே ஒட்டிக்கொண்டிருக்கும். தலையைத் திருத்தினால் வால் வராது.

இவ்வளவும் மீட்டிங்கை நீங்கள் உருவாக்கியிருந்தால். பையர் அனுப்பிய இன்வைட் என்றால் உங்களிடம் இருப்பது நகல் மட்டும். அதை இழுத்தால் உங்களுக்கு மட்டும் மாறும். அவர் அடுத்த அப்டேட் அனுப்பியதும் அழிந்துவிடும். செய்ய வேண்டியது: நீங்கள் கையால் போட்டதை நீக்குங்கள், அவர் இன்வைட்டை ஏற்றுக்கொள்ளுங்கள். ஆரம்பத்தில் சொன்ன மெர்ச்சண்டைசருக்கு நான் செய்தது இவ்வளவே. இன்வைட் அவர் மெயிலில் நான்கு மாதமாக ஏற்கப்படாமல் கிடந்தது.

5. மூன்று வார இடைவெளி

அமெரிக்காவும் ஐரோப்பாவும் ஒரே நாளில் கடிகாரத்தை மாற்றுவதில்லை. 2007 முதல் அமெரிக்காவில் மார்ச் இரண்டாம் ஞாயிறு முன்னே, நவம்பர் முதல் ஞாயிறு பின்னே. ஐரோப்பாவிலும் இங்கிலாந்திலும் மார்ச் கடைசி ஞாயிறு முன்னே, அக்டோபர் கடைசி ஞாயிறு பின்னே. அதுவும் ஐரோப்பா முழுக்க ஒரே நொடியில், நமக்கு அப்போது காலை 6:30. அமெரிக்காவில் ஒவ்வொரு ஸோனும் தன் தன் இரவு 2 மணிக்கு. நியூயார்க் மாறும்போது மார்ச்சில் நமக்கு ஞாயிறு பகல் 12:30.

2026க்கு அமெரிக்கத் தேதிகள் மார்ச் 8, நவம்பர் 1. ஐரோப்பாவுக்கு மார்ச் 29, அக்டோபர் 25. அந்த நடு வாரங்கள்தான் கண்ணிவெடி. நம் திங்கட்கிழமை மீட்டிங்கில் ஜெர்மனி ஏஜென்ட்டும் இருக்கிறார் என்று வையுங்கள். வருஷம் முழுக்க அவருக்கு அது மதியம் 2:30. மார்ச் 9, 16, 23, அப்புறம் அக்டோபர் 26, இந்த நான்கு திங்கள் மட்டும் 1:30, அவர் சாப்பிடப் போயிருக்கும் நேரம். காலண்டரில் ஒரு தப்பும் இல்லை. இதை யாராவது கோளாறு என்று நினைத்து ஒரு மணி நேரம் தள்ளினால், நியூயார்க்காரரும் நாமும் சேர்ந்து அல்லாடுவோம். முன்கூட்டியே ஒரு வரி மெயில் போதும்: "இந்த மூன்று வாரம் உங்களுக்கு 1:30, வசதிப்படுமா?"

2027இல் அமெரிக்கா மார்ச் 14, நவம்பர் 7. ஐரோப்பா மார்ச் 28, அக்டோபர் 31. அந்த வருஷம் மார்ச் இடைவெளி இரண்டு வாரம்தான்.

ஆஸ்திரேலியாவில் பருவம் தலைகீழ் என்பதால் கடிகாரமும் தலைகீழ்: சிட்னியில் அக்டோபர் முதல் ஞாயிறு முன்னே, ஏப்ரல் முதல் ஞாயிறு பின்னே. துபாய், சவுதி, சிங்கப்பூரில் இந்தத் தொல்லையே கிடையாது. வளைகுடாவில் மட்டும் ஆள் வைத்திருக்கும் வாணியம்பாடி வீடுகள் இந்த வழிகாட்டியை மூடிவிட்டுப் போகலாம்.

6. ஐ.சி.எஸ். கோப்பாக வந்தவை

கண்காட்சி அட்டவணை, ஆன்லைன் வகுப்பு, ஷிப்மென்ட் அட்டவணை எல்லாம் ஐ.சி.எஸ். (.ics) என்ற காலண்டர் கோப்பாக வரும். அதை நோட்பேடில் திறந்து பார்க்கலாம், பயப்பட ஒன்றுமில்லை. டி.டி.ஸ்டார்ட் (DTSTART) என்று தொடங்கும் வரியைத் தேடுங்கள். அதில் டி.இசட்.ஐ.டி. (TZID) என்று போட்டு ஊர்ப் பெயர் இருந்தால் நல்ல கோப்பு. கடிகாரம் நகர்ந்தால் அதுவும் நகரும். நேரத்தின் கடைசியில் இசட் (Z) என்ற ஒற்றை எழுத்து இருந்தால் அது யூ.டி.சி. நேரம். ஒருமுறை நடக்கும் நிகழ்ச்சிக்கு அது நல்லதே. வாராவாரம் வரும் தொடருக்கு அது போட்டிருந்தால், மார்ச்சிலிருந்து அவர்கள் ஊரில் ஒரு மணி நேரம் தவறிவிடும். ஊரும் இல்லை, இசட்டும் இல்லை என்றால் அது மிதக்கும் நேரம்: திறக்கும் ஊர் எதுவோ அந்த ஊர் நேரமாக எடுத்துக்கொள்ளும். காட்பாடியில் ஒரு மாணவருக்கு லண்டன் வகுப்பு அட்டவணை இப்படி வந்து, மதியம் 2 மணி வகுப்பு இங்கேயும் 2 மணிக்கே காட்டியது. அனுப்பியவரிடம் ஊர்ப் பெயரோடு கேளுங்கள். கிடைக்காவிட்டால், இறக்குமதி செய்ததை நீக்கிவிட்டு நான்காம் படியின்படி கையால் போடுங்கள்.

7. போன் பழசாக இருந்தால்

எந்த ஊர் எப்போது கடிகாரத்தை மாற்றுகிறது என்பதற்கு உலகம் முழுக்க ஒரு பொதுப் பட்டியல் இருக்கிறது. ஆண்ட்ராய்டு, ஐபோன், லினக்ஸ் எல்லாம் அதைத்தான் படிக்கின்றன. விண்டோஸுக்குத் தனிப் பட்டியல். நாடுகள் சட்டத்தை மாற்றும்போது பட்டியலும் மாறும். அப்டேட் போகாத மெஷினுக்கு அது தெரியாது. மெக்சிகோ 2022 அக்டோபரோடு இந்த வழக்கத்தைப் பெரும்பாலான இடங்களில் விட்டுவிட்டது. அமெரிக்க எல்லையோர ஊர்கள்தான் இன்னும் தொடர்கின்றன. ஆகவே நம் தொழில்காரர்களுக்குத் தெரிந்த தோல் நகரமான லியோனில் இப்போது கடிகாரம் நகர்வதில்லை. எகிப்து நேர்மாறாக 2023இல் மறுபடி ஆரம்பித்தது. அப்டேட் நின்றுபோன போனில் இந்த ஊர்கள் மட்டும் ஒரு மணி நேரம் தவறும், மற்றவை சரியாக இருக்கும். அப்டேட் போடுங்கள். போட முடியாத போன் என்றால் காலண்டரைப் பிரவுசரில் பாருங்கள், அங்கே கணக்குப் போடுவது சர்வர்.

8. இரண்டு நாளாகப் படர்ந்த விடுமுறை

பழைய வகை அவுட்லுக் முழுநாள் நிகழ்வை நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை என்று, போட்ட மெஷினின் ஸோனில் சேமிக்கும். ஸோன் மாறினால் நள்ளிரவும் நகரும். பொங்கல் இரண்டு நாளில் பாதி பாதியாக விழும். முதலில் ஸோனைச் சரிசெய்யுங்கள். பிறகு விடுமுறை வகையில் இருப்பவற்றை மொத்தமாக நீக்கி, ஆப்ஷன்ஸில் இந்திய விடுமுறைகளை மறுபடி சேருங்கள். பிறந்தநாட்களைக் கையால்தான் திருத்த வேண்டும். வேறு வழி எனக்குக் கிடைக்கவில்லை.

9. சோதனை

எல்லாம் முடிந்ததும் மார்ச் வரை காத்திருக்க வேண்டாம். காலண்டரை முன்னே உருட்டிப் பாருங்கள். நியூயார்க் 8:30 மீட்டிங் 2026இல் இப்படித் தெரிய வேண்டும்: மார்ச் 2 இரவு 7, மார்ச் 9 மாலை 6, மார்ச் 30 மாலை 6, அக்டோபர் 26 மாலை 6, நவம்பர் 2 மறுபடி இரவு 7. எல்லா வாரமும் ஒரே நேரம் காட்டினால் மீட்டிங் இன்னும் நம் ஊரிலேயே மாட்டிக்கொண்டிருக்கிறது. நான்காம் படிக்குத் திரும்புங்கள். ஒரே வாரத்தில் இரண்டு கட்டம் தெரிந்தால் கையால் போட்டது இன்னும் நீக்கப்படவில்லை. லேப்டாப்பில் பார்த்ததை போனிலும் ஒருமுறை பாருங்கள், மேனேஜர் போனையும் வாங்கிப் பாருங்கள். ராணிப்பேட்டையில் ஒரு ஆபீஸில் எட்டுப் பேர் காலண்டரும் சரி, முதலாளி போனில் மட்டும் அமெரிக்காவின் டல்லாஸ் நேரம் ஓடிக்கொண்டிருந்தது.